அரிசி நிறைஞ்சிருக்கும் வீடு

பேச்சிக்கனியின் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

யாரோ போகிற போக்கில் சொன்னதல்ல இது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை அவள் வீட்டுச் சுவரில் ஒட்டி, அவளும் அவள் புருஷனும் ஒரு மாதம் பேசியது, இருமியது, பெருமூச்சு விட்டது அத்தனையையும் கேட்டு, எடை போட்டுச் சொன்னது. குறைகேட்பு மையத்தின் திரையில் அவள் பெயருக்கு நேரே பச்சை எழுத்தில் வந்து நின்றது: ‘குறை இல்லை. நிறைவான குடும்பம். வாழ்த்துகள்.’

வாழ்த்துகளாம். பேச்சி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

“தம்பி, இது வேற யாரு பேரோ. நல்லாப் பாருங்க.”

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி ஜெபசிங் சின்ன வயசு. மரியாதை தெரிந்த பையன்தான். திரையைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு முறை பார்த்துவிட்டு, “உங்க பேர்தாம்மா. பேச்சிக்கனி, கணவர் சுடலைமுத்து, அளத்துத் தெரு,” என்றான்.

சுடலைமுத்துவுக்கு இரண்டு கண்ணும் போய்க்கொண்டிருந்தன. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில், கொளுத்துகிற வெயிலில், பாத்தி பாத்தியாக வெள்ளை உப்பை வாரி வாரியே கெட்ட கண்கள். அளத்தில் வேலை செய்கிறவனுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சட்டம் இருந்தது, கண்ணாடிதான் வரவில்லை. இப்போது கருவிழியின் மேல் பால் ஏடு படிந்த மாதிரி இருக்கிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அந்தப் படலத்தை எடுத்துவிட்டு, ஆளின் உடம்பிலிருந்து எடுத்த திசுவை வைத்தே புதுப் படலம் அச்சடித்து ஒட்டுகிறார்கள் இப்போதெல்லாம். குறை அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் அவர்கள் சொல்கிற தொகை பேச்சியின் வாயில்கூட நுழையாது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கண்ணையாவது செய்தால்தான் உண்டு, அப்புறம் ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“ஓட்டு வழியா வானம் தெரியுது எங்க வீட்டுல. அவியளுக்குக் கண்ணு தெரியல. இதுல எதத் தம்பி நிறைவுங்கிய?” என்றாள் பேச்சி.

“ஓட்டையெல்லாம் இப்ப பாக்கிறதில்லம்மா. முன்னாடி அதெல்லாம் பாத்தாங்க. வருமானச் சான்று, வீடு, நிலம், மாடுன்னு. என்ன ஆச்சு? கையூட்டு குடுத்தவன் எல்லாம் ஏழை ஆனான். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. நடுவுல ஆள் கிடையாது. ஒருத்தர் மனசுல எவ்வளவு குறை இருக்குன்னு உணர்றாரோ, அதுதான் குறை. பெட்டி பேச்சைக் கேக்கும், குரலைக் கேக்கும், முடிவு சொல்லும். உலகத்துல நிறைய இடத்துல இப்படித்தான் வந்துட்டிருக்கு.”

“எங்க பேச்சுல அப்படி என்னத்தக் கேட்டுச்சு?”

கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. ஜெபசிங் திரையைத் தொட்டான். சுடலையின் குரல் வந்தது: “உலை வைக்கலியா?” அடுத்து அவளுடைய குரல்: “அரிசி நிறைஞ்சிருக்குங்க. வெளிய போயிட்டு வந்து வைக்கேன்.” இன்னொரு நாள்: “எண்ணெய் நிறைஞ்சிருக்கு, சுட்டுத் தாரேன், போதுமா?” இன்னொரு நாள் புளி நிறைந்திருந்தது. இன்னொரு நாள் பருப்பு நிறைந்திருந்தது.

ஜெபசிங் நிறுத்தினான். “மாசம் பூரா ஒரு தடவைகூட நீங்க ‘இல்லை’ன்னு சொல்லலம்மா. எல்லாமே நிறைஞ்சுதான் இருக்கு.”

பேச்சிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதன் பிறகே ஆத்திரம் வந்தது.

அடுப்படியில் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று எந்தப் பெண் சொல்லுவாள்? விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிரவைப்பார்கள். தாலிக்கயிறு அற்றுப்போகாது, பெருகும். அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு. இது பேச்சி கண்டுபிடித்த மொழியா? அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பெண்கள் பேசுகிற பேச்சு. வெறும் பானைக்கு முன்னால் நின்று ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று பானை காலியாகாதவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

“நிறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம் தம்பி. உங்க வீட்டுல சொல்ல மாட்டாவளா?”

“எங்க வீட்டுல தீராதேம்மா. குறையும்போதே கடையிலேருந்து தானா வந்துடும்,” என்றான் அவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். “சரி, அந்தச் சொல்லைப் பெட்டி தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுன்னே வைங்க. குரல் பொய் சொல்லாதே? உங்க குரல்ல ஏக்கமே இல்லம்மா.”

“ஏங்கி என்ன செய்ய? எங்க தெருவுல யாரு வீட்டுல கொட்டிக் கெடக்கு, எங்க வீட்டுல மட்டும் இல்லைன்னு ஏங்கதுக்கு?”

“அதேதான்,” என்றான் ஜெபசிங், அவள் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்ட திருப்தியில். “உங்க தெருவுல எல்லாரும் ஒரே மாதிரி. அதனால யாருக்கும் குறையே தெரியல. மொத்தத் தெருவுமே பச்சை.”

அப்போது பக்கத்து மேசையில் ஒரு பெண்மணிக்கு அட்டை கொடுத்தார்கள். சிவப்பு அட்டை, முதல் தரக் குறை. பேச்சிக்கு அந்த முகம் தெரியும். அளத்துத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் எழுந்து நிற்கிற பவளவல்லி அடுக்ககத்தில் இருக்கிறவர், பெயர் பத்மஜா. மாலையில் நாயை நடத்திக்கொண்டு தெரு முனை வரை வருவார். அவருக்கா சிவப்பு அட்டை?

வாயை மூடிக்கொண்டிருக்கப் பேச்சியால் முடியவில்லை. “அம்மா, உங்களுக்கு என்னம்மா குறை?”

பத்மஜா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. அவர் கண் கலங்கியது. “உங்களுக்குப் புரியாதும்மா. எங்க மாடியில எல்லார் பசங்களும் வெளிநாட்டுல படிக்குறாங்க. என் பொண்ணு மட்டும் இங்கயே. லிஃப்ட்ல ஏறவே கூசுது எனக்கு. பக்கத்து வீட்டுல கடலைப் பாத்து இன்னொரு பால்கனி எடுத்துக் கட்டுறாங்க. நாங்க அந்தச் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். ராத்திரி தூக்கமே இல்லை,” என்றார். அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நடிப்பில்லை. பேச்சி அளத்தில் கூலி வாங்க நின்ற வரிசைகளில் எத்தனையோ நடிப்பைப் பார்த்தவள். இந்த அம்மாள் உண்மையாகவே துன்பப்படுகிறார். பெட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும் என்று பேச்சிக்கு வெறி வந்ததே அதனால்தான்.

பத்மஜா போனதும் ஜெபசிங் குரலைத் தாழ்த்தினான். “மறுகேட்பு ஒண்ணு உண்டும்மா. இன்னும் ஒரு மாசம் பெட்டி கேக்கும். நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாது, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ‘இல்லை’ன்னு சொன்னா மட்டும் போதாது. பக்கத்து வீட்டோட ஒப்பிட்டுப் பேசணும். பெட்டி அதுக்குத்தான் நிறைய மதிப்புப் போடும். ‘அவங்களுக்கு இருக்கு, நமக்கு இல்லை’. அந்த மாதிரி.”

“பேசிட்டாப் போச்சு. அவியள்ட்டயும் சொல்லிருதேன்.”

“ஐயோ, அவர்ட்ட சொல்லாதீங்க. ரெண்டு பேரும் தெரிஞ்சு பேசினா நடிப்புன்னு குரல்லயே தெரிஞ்சிடும், அப்புறம் எப்பவுமே அட்டை கிடையாது. அவருக்குத் தெரியாம நீங்க பேசுங்க. அவர் மனசு என்ன பதில் சொல்லுதோ அதைப் பெட்டி எடுத்துக்கும்.”

பேச்சி எழுந்து நடந்தாள். அவன் சொன்னதன் முழு அர்த்தம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியும் அவள் திரும்பிப் போகவில்லை. மழைக்கு அதிக நாள் இல்லை.

முதல் நாள் வாய் வரவில்லை. சாயங்காலம் சுடலை சுவரைத் தடவித் தடவி வந்து உட்கார்ந்து, “என்னளா கொழம்பு?” என்று கேட்டான். பேச்சி சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நாக்கு கூசியது. துணி அவிழ்ந்து தெருவில் நிற்கிற கூச்சம்.

“கொழம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரிசியே இல்ல.”

சுடலை திடுக்கிட்டான். “என்னத்தளா பேசுத, வெளக்கு வைக்கிற நேரத்துல?”

“இல்லாதத இல்லைன்னுதான சொல்ல முடியும்?”

அவளுக்கு ஏதோ அசதி என்று அவன் நினைத்திருப்பான். அவள்தான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகைச் சத்தம் கேட்டால் பெட்டி அதற்கும் மதிப்புப் போடும் என்று நினைப்பு வந்ததும் ஆத்திரத்தில் அழுகையே நின்றுபோனது.

ஒப்பிடுவதற்கு ஒரு வீடு வேண்டுமே? எதிர்வீட்டு லூர்தம்மாள்தான் கிடைத்தாள். இரண்டு பேரும் ஒரே அளத்தில் வேலை. தலைச்சுமையாக உப்பைச் சுமந்து, கரையில் குவித்து வைக்கிற தட்டுமேட்டுக்கு ஒன்றாக ஏறி இறங்குகிறவர்கள். இந்த வீட்டில் அரிசி நிறைந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு படி வரும், அந்த வீட்டில் நிறைந்தால் இங்கிருந்து ஒரு படி போகும். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று இருவருமே நினைவில் வைத்துக்கொண்டதில்லை.

லூர்துவிடம் என்ன அதிகமாக இருக்கிறது என்று பேச்சி தேடினாள். தேடியதும்தான் கண்ணில் பட்டது. தகரக் கூரை, மழைக்கு ஒழுகாது. மேசை மின்விசிறி ஒன்று. மகன் வாங்கிக் கொடுத்த அரைக்கிற மெஷின். இத்தனை காலம் அந்த மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துதான் பேச்சி அவளோடு கதை பேசியிருக்கிறாள், ஒரு நாளும் அதை ஒரு பொருளாகப் பார்த்ததில்லை.

“லூர்தக்கா வீட்டுல காத்து வருது. இங்க வெந்து சாகோம்.”

“அவ மகன் மெஷின் வாங்கிக் குடுத்திருக்கான். நான் இன்னும் அம்மியக் கட்டிட்டு அழுவுதேன்.”

“அவ புருஷன் செத்தும் அவளுக்குக் கூரை போட்டு வச்சிட்டுப் போயிருக்காவ. எனக்கு ஒருத்தரு உயிரோட இருந்து என்ன கண்டேன்?”

கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது. சுடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்த சோற்றை வாயில் வைத்துவிட்டு, “போதும்ளா,” என்று எழுந்து கை கழுவினான். பொங்கிய சோறு சட்டியில் இருந்தது.

அன்றிலிருந்து அவன் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. கண் தெரியாதவனை வேலைக்கு வைக்க மாட்டோம் என்று சொன்ன அளத்துக்கே மறுபடியும் போய்க் கெஞ்சி, கையால் தடவி மூட்டை தைக்கிற வேலை வாங்கினான். கண் எரிச்சல் கூடியது. கூலியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்காருவான். ‘அது போதாது’ என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

ஒரு மத்தியானம் லூர்து மீன் குழம்பு கொண்டுவந்தாள். “ஊளி மீனு, சுடலைக்குப் பிடிக்குமே,” என்று வாசலில் நின்றாள். பேச்சி கிண்ணத்தை வாங்கவில்லை. “அள்ளிக் குடுக்குத அளவுக்கு உங்கள்ட்ட வசதி இருக்கு. எங்களுக்குத் திருப்பித் தர வக்கில்ல, கொண்டு போங்க,” என்றாள்.

பெட்டிக்காகச் சொன்னதுதானா அது? பேச்சி தன்னையே கேட்டுப் பார்த்தாள். லூர்துவின் புதுச்சேலை அவள் கண்ணை உறுத்தியது நிஜம். லூர்து ஒன்றும் புரியாமல், “ஒனக்கு என்ன ஆச்சு பேச்சி?” என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தோடு போய்விட்டாள். அதன் பிறகு அளத்தில் இருவரும் வேறு வேறு வரிசையில் ஏறினார்கள்.

மாதம் முடிந்து மையத்துக்குப் போனபோது திரையில் சிவப்பு எழுத்து. முதல் தரம். ஜெபசிங் முகமெல்லாம் மலர எழுந்தே நின்றுவிட்டான்.

“தெருவுக்கே முதல் அட்டைம்மா. நீங்க பேசினதுக்குச் சுமாரான மதிப்புதான் வந்திருக்கு. தூக்கிவிட்டது உங்க வீட்டுக்காரர்தான்.”

“அவியளா? அவிய வாயே தொறக்கலியே.”

“நீங்க வீட்டுல இல்லாதப்போ பேசியிருக்காரு.” கேட்க வேண்டுமா என்று அவன் கேட்டான். அவள் தலையசைத்தாள்.

முதலில் வெறும் மூச்சுச் சத்தம். பிறகு சுடலையின் குரல். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. “நல்லாத்தான இருந்தோம்னு நெனச்சேன். அவ இம்புட்டையும் நெஞ்சுக்குள்ள வச்சிட்டு சிரிச்சிட்டு இருந்திருக்கா. எனக்குக் கண்ணு அப்பவே தெரியல போலருக்கு.” பிறகு ஓர் ஆண் அழுகையை அடக்கும்போது வருகிற சத்தம்.

“இந்த இடத்துல அளவு அப்படியே ஏறுது பாருங்க,” என்று ஜெபசிங் திரையில் ஒரு கோட்டைக் காட்டினான்.

பேச்சி மேசையில் ஓங்கி அறைந்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இதுக்குத்தான் காத்துக் கெடந்தியளா? அவிய கண்ணு அவிஞ்சது குறை இல்ல. கூரை ஒழுகுறது குறை இல்ல. நல்லா இருந்த மனுசன நான் கொன்னு, அவிய அழுதாத்தான் உங்களுக்குக் குறையா? அட்டை குடுக்கதுக்கு மொதல்ல எங்களப் பிச்சைக்காரங்களா ஆக்கணும், அதான உங்க திட்டம்?”

ஜெபசிங் அட்டையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான். “இன்னொண்ணும் சொல்லணும்மா. இப்ப ஒரு கண்ணுதான் செய்வாங்க. அது ஆறின பிறகு அடுத்தது. அதுவரைக்கும் பெட்டி சுவர்லயே இருக்கும். இடையில நிறைவு காட்டினா அட்டை ரத்து.”

அவள் அட்டையை எடுத்துக்கொண்டாள். மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. எடுத்துத்தான் கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

வலது கண்ணில் புதுப் படலம் ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். சுடலை விரலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பேச்சியின் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். “மெலிஞ்சு போயிட்டியே,” என்றான்.

வீட்டில் வைத்து எதுவும் பேச முடியாது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அளத்துக்குப் போகிற மண்பாதையில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, தட்டுமேட்டு நிழலில் உட்காரவைத்தாள். வானத்தில் முதல் மழைமேகம் கூடியிருந்தது. பாத்திகளில் ஆள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள், ஜெபசிங் சொன்னதைச் சொன்னாள், லூர்துவின் குழம்பைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். “அம்புட்டும் அந்தப் பெட்டிக்குச் சொன்னதுங்க. உங்க காலுல விழுந்து சொல்லுதேன், ஒரு வார்த்தைகூட மனசுலருந்து இல்ல.”

சுடலை கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தெருப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து அவர்களுடைய ஓட்டு வீடு தெரிந்தது. எதிரே லூர்துவின் தகரக் கூரை தெரிந்தது. அதற்கும் மேலே அடுக்ககம் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தான். ரொம்ப நாள் பார்க்காததைப் பார்க்கிறவன் பார்வையாக அது இல்லை. இதுவரை பார்த்தே இராததைப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது.

“பொய்யி ஒண்ணும் சொல்லலியேளா நீ,” என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் பேச்சி சண்டை போட்டிருப்பாள். சண்டை போட்டு, அழுது, ஒரு வழியாகச் சமாதானம் ஆகியிருப்பார்கள். கோபம் இல்லை. கூலியில் இத்தனை குறைகிறது என்று எண்ணிச் சொல்கிற மாதிரி சொன்னான். தெருவைப் பார்த்தாள். அவன் பார்த்ததைத்தான் அவளும் பார்த்தாள்.

தூறல் விழுந்தது. புதுக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேச்சி முந்தானையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வா, போவோம்,” என்றான் சுடலை. இரண்டடி நடந்துவிட்டு நின்றான். “வீட்டுக்குப் போனதும் ஏசத் தொடங்கு. இன்னொரு கண்ணு பாக்கி இருக்குல்லா.”

வாசல் ஏறும்போதே அவள் தொடங்கினாள். இந்தத் தடவை வார்த்தையைத் தேட வேண்டியிருக்கவில்லை.